கறுப்பினத்தவரின் இயற்கைச் சுருள் முடியில் ஃப்ரிஸ்: எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது

"ஃப்ரிஸ் போகணும்" (சுருளோடு சேராமல் இழைகள் சிலிர்த்து நிற்பதுதான் ஃப்ரிஸ்) என்று ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால், சீரம் பாட்டிலைத் தேடும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. தலையில் எந்த இடத்தில்? அலசி எவ்வளவு நேரம் கழித்து? இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. கையில் கிடைத்த ஆன்டி-ஃப்ரிஸ் க்ரீமைத் தடவி, ப்ரஷ் போட்டு இழுத்து, முடியை முன்னைவிட மோசமாக்கி அனுப்புகிறோம். அந்த க்ரீம்களில் பல, நேர்முடியையும் அலைமுடியையும் மனதில் வைத்துத் தயாரித்தவை.

முதலில், எது ஃப்ரிஸ் இல்லை என்பதைப் பார்க்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முடியலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் அறிமுகப்படுத்திய வகைப்பாட்டிலிருந்து வளர்ந்த 4ஏ, 4பி, 4சி என்ற பெயர்களை இன்று எல்லோரும் சொல்கிறார்கள்; எண்ணும் எழுத்தும் ஏற ஏறச் சுருள் இறுக்கமாகும். 4ஏ முடியில் ஸ்ட்ரா அளவுக்குத் தெளிவான சுருள் தெரியும். 4சி முடியில் அப்படிக் கொத்துக் கொத்தாகத் தெரியாது. ஒவ்வோர் இழையும் தனக்கென்று வளைந்து நெளிந்து போகும்; காய்ந்ததும் தலையைச் சுற்றி மென்மையாகப் பரந்து நிற்கும். அதுதான் அந்த முடியின் இயல்பு. அதில் 3பி வகையின் தளர்வான சுருளை வரவழைக்கப் பார்ப்பது வீண் வேலை. நீட்டிப் பிடித்தால் 12 அங்குலம் இருக்கும் முடி, காய்ந்த பிறகு 4 அங்குலமாகத் தெரிவதும் சாதாரணம்.

இனி உண்மையான ஃப்ரிஸ். இந்த முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். வேர்ப்பையே வளைந்திருப்பதால் இழை வளரும்போதே திருகிக்கொண்டு வருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் இத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிக்குப் போய்ச் சேராது. அதனால் வேர் பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் மேல்செதில்கள் கூரை ஓடுகள் சரிந்ததுபோல லேசாகத் தூக்கிக்கொள்கின்றன. காற்றில் இருக்கும் ஈரம் அந்த வழியாக உள்ளே போகிறது. ஈரம் மிகுந்த காற்றில் முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் விடுபட்டு, காயும்போது மறுபடி பிடித்துக்கொள்கின்றன. எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும். ஃப்ரிஸ் மேலாண்மையின் சூட்சுமமே இதுதான்: காய்ந்து முடியும்வரை முடியைக் கலைக்கக் கூடாது.

இடத்தை வைத்துக் காரணத்தைப் படிக்கலாம். தலை முழுக்க ஒரே மாதிரி சிலிர்த்து, தொட்டால் சொரசொரவென்றிருந்தால் வறட்சி. மேற்பரப்பில் மட்டும் மெல்லிய படலமாக நின்று உள்ளே சுருள் நன்றாக இருந்தால், தலையணை, தொப்பி, அடிக்கடி கோதும் விரல் ஆகியவற்றின் உராய்வு. வேரில் மட்டும் என்றால், ஜெல் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது காயும் முன் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நுனியில் மட்டும் என்றால் வெடிப்பும் தனி இழை முடிச்சுகளும்; அதற்குக் கத்தரிதான் மருந்து, எந்தக் க்ரீமும் ஒட்ட வைக்காது. காலையில் நன்றாக இருந்து வெளியே போனதும் பொங்கினால், பொருளின் பட்டியலில் கிளிசரின் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கிளிசரின் இருக்கும் ஜெல், புழுக்கமான நாளில் காற்றின் ஈரத்தை முடிக்குள் இழுத்து ஊத வைக்கும். ஹீட்டர் ஓடும் குளிர்கால அறையில் அதே ஜெல் முடியை வறள விடும்.

இன்னொரு காரணம் பலர் கண்ணுக்குப் படுவதில்லை: தண்ணீர். பாரிஸில் ஷாத்தோ தோ மெட்ரோவைச் சுற்றி ஆப்பிரிக்க முடியலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லா ஷப்பலில் நம்மவர் கடைகள். இரண்டு இடத்திலும் குழாயில் வருவது சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர். லண்டனிலும் அதே கதை. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. கண்டிஷனர் எவ்வளவு போட்டாலும் முடி மெழுகு பூசியது போலவும் விறைப்பாகவும் இருந்தால், ஈ.டி.டி.ஏ. சேர்ந்த கீலேட்டிங் ஷாம்பூவை (படிந்த சுண்ணாம்பைப் பிடித்து நீக்கும் ஷாம்பூ) மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அலசும் முறைக்கு வருவோம். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பூ போதும். முடியை 6 முதல் 8 பாகமாக வகிடு எடுத்து க்ளிப் போடுங்கள். ஒட்டுமொத்தமாகக் குவித்து உச்சியில் தேய்த்தால் சிக்கு விழும். அந்தச் சிக்கை எடுக்கும்போது உடையும் குட்டை இழைகள்தான் அடுத்த மாதம் ஃப்ரிஸ்ஸாகத் தலைநீட்டும். ஷாம்பூ தலைத்தோலுக்கு, நுரை வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, முடி வழுக்கும்போது மட்டும் சிக்கெடுங்கள். முதலில் விரல், பிறகு அகலப் பல் சீப்பு, எப்போதும் நுனியிலிருந்து வேரை நோக்கி. டீப் கண்டிஷனர் என்றால் ப்ளாஸ்டிக் தொப்பி போட்டு மிதமான சூட்டில் 20 முதல் 30 நிமிடம். இரவு முழுக்க வைத்துக்கொண்டு தூங்குவதால் கூடுதல் பலன் இல்லை; முடி ஊறித் தளர்ந்து பலவீனமாவதுதான் மிச்சம்.

துண்டால் துவட்ட வேண்டாம். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி, சொட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். முடி இன்னும் நன்றாக ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பாகத்திலும் ஒரு டீஸ்பூன் லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடுவது), அதன் மேல் ஒரு டீஸ்பூன் ஜெல். அடர்த்தியான முடிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். உள்ளங்கைகளுக்கு நடுவே முடியை வைத்து வேரிலிருந்து நுனிவரை வழித்துவிடுங்கள். ஈரம் போதுமா என்று காதுக்குத் தெரியும்: வழிக்கும்போது சளசளவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஜெல்லைக் கூட்டாதீர்கள், தண்ணீரைத் தெளியுங்கள். கையில் வெள்ளை உருண்டைகள் திரண்டால் லீவ்-இன்னும் ஜெல்லும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இதைத் தலையில் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முன்பே உள்ளங்கையில் இரண்டையும் ஒரு சொட்டு கலந்து பார்த்தால் போதும்.

நம் வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெயை இங்கே நுழைக்க ஆசை வரும். எண்ணெய் ஈரப்பதம் தராது; இருக்கும் ஈரம் போகாமல் மூடிவைக்கும், அவ்வளவே. வறண்ட முடிக்கு மேல் எண்ணெய் தடவினால் பளபளப்பான வறண்ட முடிதான் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவக்கூடியது. அலசும்போது புரதம் கழிவதைக் குறைக்கும். அதனால் ஷாம்பூவுக்கு முன் தடவுவது நல்ல உபயோகம். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெயை லண்டன் ஜனவரியில் தலையில் பூசிக்கொண்டு வெளியே போனால் முடி விறைத்து நிற்கும்.

4பி, 4சி முடிக்கு அலசி ஜெல் போட்டு அப்படியே காயவிடும் வாஷ் அண்ட் கோவைவிட, திரித்துக் காயவைத்துப் பிரிக்கும் ட்விஸ்ட்-அவுட்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். ஈர முடியை இரட்டைப் பிரி ட்விஸ்ட்டுகளாகத் திரித்து, நுனியை விரலில் சுற்றி விடுங்கள். கெட்டுப்போவது பிரிக்கும் கட்டத்தில்தான். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். நடுவில் ஈரம் நிற்கும். பிடரிப் பக்கம், அடர்த்தி அதிகமான இடத்தில் ஒரே ஒரு ட்விஸ்ட்டை வேரருகே இரு விரலால் அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை. தலையைக் கவிழ்த்து மூடும் ஹூட் ட்ரையரில் மறுபடி உட்கார வையுங்கள், அல்லது மறுநாள் பாருங்கள். அரைகுறையாகக் காய்ந்த நிலையில் பிரித்த ட்விஸ்ட் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். எந்த ஸ்ப்ரேயும் அதைத் திருப்பாது. முழுதாகக் காய்ந்த பிறகு விரல் நுனிகளில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, திரித்த திசைக்கு எதிர்த்திசையில் பிரியுங்கள். கொத்துக்கொத்தாகப் பிரிக்கும் ஆசைக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிப்பும் கொஞ்சம் ஃப்ரிஸ்தான்.

இரவில் சாட்டின் அல்லது பட்டு பானெட் (தூங்கும்போது போடும் தளர்வான தொப்பி), இல்லையென்றால் அதே துணியில் தலையணை உறை. பருத்தி உறை உராய்வதோடு ஈரத்தையும் உறிஞ்சும். காலையில் மேற்பரப்பில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும். தலை முழுக்க நனைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சூட்டுக் கருவி கேட்பவர்களும் உண்டு. ஸ்ட்ரெய்ட்னர் 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், ஹீட் ப்ரொடெக்டன்ட் இல்லாமல் தொடவே வேண்டாம். அலசிய பிறகும் சில இழைகள் சுருளாமல் நேராகவே தொங்கினால் அது சூட்டுச் சேதம். வெட்டுவதைத் தவிர வழியில்லை.

முடியை நிரந்தரமாக நேராக்கும் ரசாயனமான ரிலாக்ஸர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் ரசாயனங்களை முந்தைய ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுதான் காரணம் என்று நிறுவவில்லை. ஆனாலும் கொஞ்சம் ஃப்ரிஸ்ஸுக்காக ரிலாக்ஸரைப் பரிந்துரைப்பது எங்கள் பார்வையில் தவறு. ரிலாக்ஸரை நிறுத்திவிட்டு இயற்கை முடிக்குத் திரும்புகிறவர்களிடம், சுருளான புது வளர்ச்சியும் நேரான பழைய முடியும் சந்திக்கும் கோட்டில்தான் உடைவு அதிகம். அந்த உடைவு வேருக்குச் சற்று மேலே ஃப்ரிஸ் போலத் தெரியும். அங்கே சீப்பை இழுக்காதீர்கள்.

நெற்றியோரம் விஷயம் தனி. 'எட்ஜஸ்' (நெற்றியோரக் குட்டை முடி) ஃப்ரிஸ்ஸாக இருக்கிறது என்று ஜெல் போட்டு இறுக்கி வழித்து, மேலே இறுக்கமான பின்னலும் போடுவார்கள். குட்டையாக நிற்கும் அந்த முடி பல நேரம் இழுவையால் உதிர்ந்து, மறுபடி முளைக்க முயலும் முடி. பின்னிய அன்றைக்கு வலித்தாலோ, வேரில் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ பின்னலை உடனே தளர்த்துங்கள். உச்சியில் முடி மெலிந்து அரிப்போ எரிச்சலோ இருந்தால், அல்லது நெற்றியோரத்தில் தோல் வழவழவென்று பளபளத்தால், முடிப் பொருட்களை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்; வேர்ப்பை தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப வராது.