இரண்டாவது வீடும் இல்லாத வரிச் சலுகையும்

இந்த ஜூலையில் இது ஐந்தாவது ஆள். ரிட்டர்ன் போட வந்தவர் வங்கியின் வட்டிச் சான்றிதழை நீட்டிவிட்டு, "சார், வருஷம் 2 லட்சம் டேக்ஸ் மிச்சமாகும்னுதான் இந்த ஃப்ளாட்டை வாங்கினேன்" என்கிறார். சொந்த வீடு ஏற்கெனவே இருக்கிறது. இது வாடகைக்கு விட, தாம்பரம் தாண்டி, 60 லட்சத்துக்கு வாங்கியது. கடன் 48 லட்சம். கைக்காசு 12 லட்சத்தில் பாதி மனைவியின் நகையை அடகு வைத்துப் புரட்டியது. பத்திரச் செலவு 4.2 லட்சத்துக்குப் பர்சனல் லோன்.

வாங்கும் முன் ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழிவு என்றால் 2 லட்சம் வரி மிச்சம் என்று அர்த்தம் இல்லை. வரி கணக்கிடும் வருமானத்தில்தான் 2 லட்சம் குறையும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கே, வரி மேல் போடும் கூடுதல் வரியான செஸ் சேர்த்து மிச்சம் 62,400 ரூபாய்தான். அதற்காக முதல் வருடம் அவர் கட்டும் வட்டி சுமார் 4.04 லட்சம். 62,000 மிச்சம் பிடிக்க 4 லட்சம் செலவழிப்பதைச் சேமிப்பு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வருமான வரிக் கணக்குக்குப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு. அந்த 62,400-ம் பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் வட்டியை வீட்டு வாடகை வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் ஆபீஸில் பிடிப்பது புதிய முறைப்படிதான். "சரி, பழைய முறைக்கு மாறிக்கொள்கிறேன்" என்றார். அதையும் போட்டுக் காட்டினேன். சம்பளம் 18 லட்சம். 2025-26 கணக்கில் புதிய முறையில் வரி 1,50,800. பழைய முறையில் இந்த 2 லட்சத்தோடு, பி.எஃப்., இன்சூரன்ஸ் போன்ற சேமிப்புக்கான 80சி-யின் ஒன்றரை லட்சத்தையும் முழுதாகக் கழித்த பிறகும் 2,41,800. மாறினால் 91,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர் அப்புறம் பேசவில்லை.

வாடகை இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் என்ற கதையையும் பார்த்துவிடலாம். எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் சுமார் 41,660. வாடகை 17,000, அதில் அசோசியேஷனுக்கு 3,000 போய்விடுகிறது. மாதம் 27,660 கைக்காசு. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலோ, ஆள் மாறும்போது பெயிண்ட் அடித்தாலோ இன்னும் ஏறும். சொத்து வரி தனி.

வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குடியிருக்க வாங்குங்கள். முதலீடாகத்தான் வேண்டும் என்றால் கடனைக் குறைத்து, கட்டி முடித்த வீட்டைப் பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 3 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் அது கிடையாது. கட்டி முடியும் வரை வாடகையும் வராது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அவருடைய பான், ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தால் 20 சதவீதம். முன்னாலேயே சரிபாருங்கள், நோட்டீஸ் வந்தபின் ஓடி வராதீர்கள். ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நாளை விற்கும்போது அந்தப் பணம் கொள்முதல் விலையில் சேராது, அதற்கும் சேர்த்து லாப வரி கட்டுவீர்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டண ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், அவை விலையோடு சேரும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரம் வாருங்கள், தயவுசெய்து. உங்கள் சம்பளச் சீட்டும் அந்தப் பகுதியில் இப்போது உண்மையில் போகும் வாடகையும் இருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

இவரிடம் சொன்னது இதுதான்: இந்த வருட போனஸில் முதலில் பர்சனல் லோனை முடியுங்கள், அடுத்து நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஃப்ளாட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதை அதன் பிறகு கணவன் மனைவி இருவருமாக வந்து உட்காருங்கள், பேசுவோம்.