"ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி?"

போன வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் வெண்ணாற்றங்கரையில் ஒரு பண்ணைக்குப் போனேன். நாற்பது வெண்பன்றிகள் இருந்த கொட்டிலில் பதினொன்றுதான் மிச்சம். காதும் அடிவயிறும் சிவந்து, நீலம் பாரித்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன. பதினேழு செத்துவிட்டன. முதல் இரண்டு செத்த மறுநாளே பன்னிரண்டு குட்டிகளை அவசர அவசரமாக விற்றிருக்கிறார்கள். பண்ணைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்விதான் மேலே இருக்கும் தலைப்பு. இந்த வருடத்தில் இதை நான் கேட்பது நாலாவது தடவை.

பன்றிகளுக்கு வரும் கொடிய காய்ச்சல் இரண்டு. ஒன்று நம் ஊரில் காலங்காலமாக இருக்கும் பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு). நீங்கள் போடும் ஊசி அதற்கானது. இன்னொன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயர் ஒன்று போலிருக்கிறது, அறிகுறியும் ஒன்று போலிருக்கிறது, ஆனால் வைரஸ் வேறு. சொந்தம்கூடக் கிடையாது. அந்த ஊசியை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாலும் ஆப்பிரிக்கக் காய்ச்சலை அது தடுக்காது. அதற்கு நம் நாட்டில் ஊசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. 2020-ல் அசாமிலும் அருணாசலத்திலும் தென்பட்டது, 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. தஞ்சாவூர் ரொம்ப தூரம் என்று நினைக்காதீர்கள். ஒரு டெம்போவுக்கு அது ஒரு ராத்திரிப் பயணம்.

அதற்காகப் பழைய ஊசியை விட்டுவிடாதீர்கள். அது அவசியம். ஆனால் நோய் வந்த பிறகு பதறிப்போய், ஒரே சிரிஞ்சால் கொட்டில் முழுக்கக் குத்துகிறார்கள் பாருங்கள், அதை நிறுத்துங்கள். காய்ச்சல்காரப் பன்றியின் ரத்தத்தை நல்ல பன்றிக்கு நீங்களே ஏற்றுகிறீர்கள். எது எந்தக் காய்ச்சல் என்று கண்ணால் பார்த்து நானும் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இந்தப் பண்ணையின் மாதிரி போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை.

தீனிக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் வாங்கி வரும் எச்சில் சாப்பாட்டில் பன்றிக்கறித் துண்டு கிடந்தால் போதும். உப்புக்கண்டத்திலும் குளிர்பெட்டிக் கறியிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிரம்மின் ஓரம் கொதித்தால் வெந்ததாகக் கணக்கில்லை. கிளறிக் கிளறி, நடுவிலும் கொதி வந்த பிறகு அரைமணி நேரம் விடுங்கள். முடிந்தால் அந்தத் தீனியே வேண்டாம்.

வியாபாரியைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். அவர் காலையில் எந்தப் பண்ணையில் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. புதுப் பன்றி வாங்கினால் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். சாணியைக் கழுவித் தள்ளாமல் மேலே பிளீச்சிங் பவுடர் தூவுவது வீண்.

செத்த பன்றியைத் தயவு செய்து வாய்க்காலில் விடாதீர்கள். உங்கள் மதகைத் தாண்டினால் அது அடுத்த ஊரின் தண்ணீர். மேட்டு நிலம் பார்த்து, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இந்தக் காய்ச்சல்கள் மனிதருக்கு வராது, அந்தப் பயத்தில் யாரும் ஒளிக்க வேண்டாம்.

நட்டத்துக்குப் பயந்துதான் விற்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியாகி அரசு அழிக்கும் பன்றிகளுக்கு இழப்பீடு உண்டு. ஒளித்து விற்றுவிட்டு அதைக் கேட்க வழியில்லை.

விற்ற பன்னிரண்டில் எட்டு குட்டிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். மீதி நாலைக் காணோம். பத்து நாளைக்குள் வெண்ணாற்றுப் பக்கம் குட்டி வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், அவற்றைத் தனியே அடைத்துவிட்டு உடனே கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.