ஹைட்ரில்லா இலையில் வெள்ளை படிவது ஏன்?

தாம்பரம் பக்கத்து வாசகர் ஒருவர் தன் மீன்தொட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி நன்றாகத்தான் வளர்கிறதாம். ஆனால் இலைகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, தொட்டால் நறநறவென்கிறது. கடையில் பூஞ்சை என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளி அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பினால் அது சுண்ணாம்பு. போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் வாயில் படிகிறதே, அதே கால்சியம் கார்பனேட். அப்புறம் இன்னோர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மேற்பக்கம்தான் இருக்கும், அடிப்பக்கம் பச்சையாகவே இருக்கும். பூஞ்சையாக இருந்தால் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பிடிக்காது.

ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டியில் வெளிச்சத்துக்கு விளக்கு இருக்கிறது, தழைச்சத்தை மீன் கழிவு பார்த்துக்கொள்கிறது. தட்டுப்பாடு கரியமில வாயுவுக்குத்தான். காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. போதாததற்கு, காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ளதை இலை எடுத்துத் தீர்த்துவிட்டால், அடுத்தது வந்து சேரும்வரை பட்டினிதான்.

ஆனால் அதே தண்ணீரில் கார்பன் வேறு உருவத்தில் ஏராளமாக இருக்கிறது. அதுதான் பைகார்பனேட். பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் சொல்லும் அளவு: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். பிஎச் 8 உள்ள நீரில் கரியமில வாயு மூலக்கூறு ஒன்றுக்குச் சுமார் 45 பைகார்பனேட் அயனிகள் இருக்கும். பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்த சோதனை நினைவிருக்கிறதா? தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடச் சொல்வார்கள். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். போட்டதும் குமிழ் வேகமாக வரும். ஏன் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

பைகார்பனேட் மின்னூட்டம் உள்ள அயனி. வாயுவைப் போலச் செல் சவ்வுக்குள் நழுவிப் போய்விடாது. அதற்கு ஹைட்ரில்லா செய்கிற காரியம், எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதன் இலை இரண்டே செல் கனம்: மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு. வெளிச்சம் பட்டதும் அடிப்பக்கத்துச் செல்கள், ஒளியால் கிடைத்த ஆற்றலைச் செலவழித்துப் புரோட்டான்களை, அதாவது நீரைப் புளிப்பாக்கும் ஹைட்ரஜன் அயனிகளை, வெளியே தள்ளுகின்றன. இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் நீர் புளிப்பேறுகிறது. இந்த வகை இலைகளில் பிஎச் 4 வரைகூட இறங்கும். அந்த அமிலம் பட்டதும் பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறுகிறது. எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா பொங்குவதும் இதே வினைதான். வாயு சத்தமில்லாமல் இலைக்குள் போய்விடுகிறது. புரோட்டான் வெளியே போனதால் உள்ளே காரம் மிஞ்சுமே, அதை இலை மேற்பக்கம் வழியாக வெளியேற்றுகிறது. அங்கே பிஎச் 10-ஐத் தொடும். அந்தக் காரத்தில் பைகார்பனேட் கார்பனேட்டாகி, கடின நீரில் நிறைந்திருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிகிறது.

யோசித்துப் பாருங்கள். காகிதத்தைவிட மெல்லிய ஓர் இலை. அதன் ஒரு பக்கம் தக்காளிச் சாற்றின் புளிப்பு, மறுபக்கம் சோப்புத் தண்ணீரின் காரம். விளக்கை அணைத்தால் இரண்டும் மறைந்துவிடும். கரியமில வாயு தாராளமாகக் கிடைத்தாலும் செடி இந்த வேலையில் இறங்காது.

ஹைட்ரில்லா நம் ஏரி, கண்மாய்களில் காலில் சிக்குகிற செடி. 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே கால்வாய்களை அடைத்துக்கொண்டு பெருகியது. அதை ஒழிக்க வழி தேடியவர்கள் அது எப்படி வாழ்கிறது என்றும் ஆராய்ந்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போஸின் குழு கண்டது வியப்பானது. மக்காச்சோளம் இரண்டு வகைச் செல்களில் பிரித்துச் செய்கிற சி4 வேலையை, அதாவது கரியமில வாயுவைப் பிடித்துச் செறிவாக்கி ஒளிச்சேர்க்கைக்குக் கொடுக்கிற வேலையை, கரியமில வாயு குறையும்போது ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் முடித்துவிடுகிறது. நம் ஊர்ச் செடியின் கதையை அங்கிருந்து தெரிந்துகொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, நம் கல்லூரித் தாவரவியல் துறைகளுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

சரி, தொட்டிக்கு வருவோம். செடி அடர்ந்த தொட்டியில் நாள் முழுக்கக் கார்பன் குறைந்துகொண்டே வருவதால், பிற்பகலில் தண்ணீரின் பிஎச் 9-ஐத் தாண்டக்கூடும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில், பிஎச் 7-ல் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 9-ல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. மீன் சாகும். உடனே, "வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். காரணத்தைத் தேடவிடாமல் அடுத்த மீனையும் அதே தண்ணீரில் விடவைப்பது இதுதான்.

வாசகர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வெள்ளை ஏறிய பழைய தண்டுகளை வெட்டி, நுனிகளை மட்டும் நடுங்கள். ஃபில்டரின் நீரோட்டம் செடிமேல் மெதுவாகப் படட்டும். இலையை ஒட்டிய நீர்ப்படலம் மெலியும். போர் தண்ணீர்தான் என்றால் ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தைரியமாக வைக்கலாம், இரண்டுக்கும் பைகார்பனேட்டைப் பயன்படுத்தத் தெரியும். மாஸ் (moss) எனும் பாசிச்செடி வகைகள் பெரும்பாலும் வாயுவை மட்டுமே நம்பியிருப்பவை, அவற்றுக்கு அந்தத் தண்ணீரில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியே தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள். அளவாக விடுங்கள், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் குழாயை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, புதுத் தளிர்களின் மேற்பக்கத்தில் வெள்ளை குறைந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.