மூன்றடி வீரன், ஏ.சி. 22

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஃபைட்டர் என்றதும் பலர் மனதில் வருவது ஆறடி ஆள்தான். உடம்பெல்லாம் இரும்பு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய வாள். அதே மேஜையில் ஒருவர் ஹாஃப்லிங் என்ற குட்டி இனத்து மூன்றடி ஆளை ஃபைட்டராகக் கொண்டுவந்தால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். சில சண்டைகள் போன பிறகு பார்த்தால், ஆறடி ஆள் ரத்தம் கொட்டிக் கிடப்பார், குட்டி ஆள் மேல் ஒரு கீறல் இருக்காது. இதில் மாயம் ஏதுமில்லை. எல்லாம் சதவீதக் கணக்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. ஒவ்வொருவரும் ஒரு கேரக்டரை நடத்துவார்கள். அரக்கர்களையும் உலகத்தையும் கேம் மாஸ்டர், அதாவது ஜி.எம்., பார்த்துக்கொள்வார். அடி விழுமா விழாதா என்பதைத் தாயக்கட்டைக்குப் பதிலாக இருபது முகப் பகடை முடிவு செய்யும். தாக்குபவர் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் தாக்குதல் போனஸைக் கூட்டுவார். கூட்டுத்தொகை எதிராளியின் ஆர்மர் கிளாஸை, சுருக்கமாக ஏ.சி.யை, எட்டினால் அடி விழும். பகடையில் 20 விழுந்தால் எந்த ஏ.சி.யாக இருந்தாலும் அடிதான், 1 விழுந்தால் எதுவாக இருந்தாலும் தவறிவிடும்.

கவசமும் விலகி ஓடுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். கவசம் அடியின் வலியைக் குறைப்பதில்லை, அடியே விழாமல் செய்கிறது. போர்க்கப்பல் விளையாட்டு ஒன்றின் விதியிலிருந்து இந்த யோசனையை எடுத்ததாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். குண்டு கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைத்ததா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. யதார்த்தம் என்று பார்த்தால் இது சற்று முரட்டுத்தனமான சுருக்கம்தான். ஆனால் குட்டி வீரனின் பிழைப்பே இந்தச் சுருக்கத்தில்தான் நடக்கிறது.

இருபது முகமும் சம வாய்ப்புள்ளவை, ஆளுக்கு 5 சதவீதம். ஆகவே ஏ.சி. ஒன்று கூடினால் அடிபடும் வாய்ப்பு 5 புள்ளி குறையும். முதல் புள்ளியானாலும் பத்தாவது புள்ளியானாலும் அதே 5 தானே என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு கேரக்டருக்கு 40 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, என்று வையுங்கள். எதிரியின் ஓர் அடிக்கு 10 போகும். நான்கு அடியில் ஆள் விழுந்துவிடுவார். எதிரிக்கு 50 சதவீத வாய்ப்பு என்றால் சராசரியாக எட்டு முறை வீச வேண்டும். ஏ.சி.யை ஒன்று கூட்டி அதை 45 ஆக்கினால் சுமார் ஒன்பது முறை. அவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது ஒரே ஒரு வீச்சு. இப்போது மறுகோடிக்குப் போவோம். எதிரிக்கு 10 சதவீதம் என்றால் நாற்பது வீச்சு தேவை. அங்கே ஒரு புள்ளி கூட்டி 5 ஆக்கினால் எண்பது! அதே ஒரு புள்ளி இங்கே ஆயுளை இரட்டிப்பாக்குகிறது. ஏற்கெனவே ஏ.சி. அதிகம் உள்ளவருக்குத்தான் அடுத்த புள்ளி அதிகப் பலன் தரும். பணக்காரனிடமே பணம் சேர்வது மாதிரி அநியாயமான கணக்கு, ஆனால் கணக்கு அதுதான். அரைகுறையாகக் கொஞ்சம் தற்காப்பு வாங்கிப் போடுவது வீண். இறங்கினால் முழுக்க இறங்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிரிக்கு 20 மட்டுமே வழி என்று ஆனபின் அவனுக்கு எதிராகக் கூட்டும் புள்ளிக்குப் பலன் பூஜ்யம்.

சரி, குட்டியாக இருப்பதால் என்ன லாபம்? இங்கே நான் எடுத்துக்கொள்வது பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் முதல் பதிப்பை. 2009-இல் வந்தது. பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் எலும்புக்கூட்டின்மேல் கட்டியது. இதில் ஹாஃப்லிங் போன்ற ஸ்மால் அளவு கேரக்டருக்கு ஏ.சி.யில் +1, தாக்குதலிலும் +1. ஆறடி மனிதனை அப்படியே மூன்றடியாகச் சுருக்கினால் உயரமும் பாதி, அகலமும் பாதி, எதிரிக்குத் தெரியும் பரப்பு கால்வாசிதான். அதற்கு வெறும் 5 சதவீதமா என்று கேட்கலாம். விதியை எழுதியவர்கள் யோசித்தது பரப்பை இல்லை, ஒப்பீட்டை. இன்னும் சிறியவற்றுக்கு +2, +4, +8 என்றும், பெரியவற்றுக்கு −1, −2, −4, −8 என்றும் இரட்டித்துக்கொண்டே போகும். ஒரே எண் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் சேர்ந்து வருவதால், இரண்டு ஹாஃப்லிங்குகள் சண்டை போட்டால் அது இரண்டு மனிதர்கள் போடுவது போலவே இருக்கும். ஒருவரின் +1 மற்றவரின் +1-ஐ அடித்துவிடும். அளவு வித்தியாசப்படும்போதுதான் லாப நட்டம் தெரியும். அழகான ஏற்பாடு என்பேன்.

அந்த ஒற்றை +1-ஐ விட, ஹாஃப்லிங்குக்கு டெக்ஸ்டெரிட்டியில், அதாவது சுறுசுறுப்பில் (சுருக்கமாக டெக்ஸ்), கிடைக்கும் +2தான் பெரிய சொத்து. திறன்களை வாங்க 20 பாயிண்ட் வைத்து முதல் லெவல், அதாவது ஆரம்ப நிலை, ஆளைக் கட்டிப் பார்ப்போம். டெக்ஸுக்கு 16 வாங்கினால் 10 பாயிண்ட் போகும். இனத்தின் +2 சேர்ந்து அது 18 ஆகிவிடும், 18 என்றால் பகடைக் கணக்கில் +4. கான் (உடலின் தாக்குப்பிடிக்கும் சக்தி) 14, இன்டலிஜன்ஸ் (அறிவு) 13, ஸ்ட்ரெங்த் (பலம்) 12. கடைசியது இனத்தால் இரண்டு குறைந்து 10-இல் நிற்கும். மொத்தம் சரியாக 20 பாயிண்ட்.

கவசம் வாங்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கவசமும் எவ்வளவு டெக்ஸை அனுமதிக்கும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. லெதருக்கு +2, டெக்ஸ் வரம்பு 6. ஸ்டடட் லெதருக்கு +3, வரம்பு 5. செயின் ஷர்ட்டுக்கு +4, வரம்பு 4. கூட்டினால் எல்லாமே 8. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, நம் கையில் உள்ள டெக்ஸுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து எடுக்க வேண்டியதுதான். நம் ஆளுக்கு +4 என்பதால் செயின் ஷர்ட் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். ஃபுல் பிளேட் மட்டும் 9-உம் 1-உமாகப் பத்தைத் தொடும். ஆனால் அதன் விலை 1,500 பொற்காசு. முதல் லெவல் ஃபைட்டரின் கையில் சராசரியாக இருப்பதோ 175.

செயின் ஷர்ட் 100 காசு, மரத்தால் ஆன ஹெவி ஷீல்டு 7, ரேப்பியர் 20. ஃபீட், அதாவது சிறப்புத் திறமை, இரண்டு கிடைக்கும். ஒன்று டாட்ஜ், இன்னொன்று வெப்பன் ஃபினெஸ். இப்போது கூட்டுங்கள். அடிப்படை 10, டெக்ஸ் 4, அளவு 1, கவசம் 4, கேடயம் 2, டாட்ஜ் 1. மொத்தம் 22.

ஒரு சின்ன வில்லங்கம். வெப்பன் ஃபினெஸ் இருந்தால் ஸ்ட்ரெங்துக்குப் பதில் டெக்ஸை வைத்துத் தாக்கலாம். ஆனால் கேடயம் பிடித்திருந்தால் அதன் ஆர்மர் செக் பெனால்ட்டி, அதாவது அசைவைத் தடுப்பதற்கான கழிவு, தாக்குதலில் கழியும். அந்த ஃபீட்டின் விவரத்தில் ஒரு வரியாகப் போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள், நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஹெவி ஷீல்டுக்கு −2. ஆக நம் ஆளின் தாக்குதல் +6 இல்லை, +4.

எதிரே ஓர் ஆர்க், மனித உருவ அரக்கன். கையில் ஃபால்ச்சியன், தாக்குதல் +5, ஓர் அடிக்கு 2டி4+4 (நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி 4 கூட்டுவது), சராசரி 9. நம் ஆளுக்கு 12 ஹிட் பாயிண்ட். அந்த வாளின் குறைந்தபட்ச அடியே 6 என்பதால், எப்படி விழுந்தாலும் இரண்டு வெட்டில் கதை முடிந்தது. ஏ.சி. 22-ஐ எட்ட ஆர்க்குக்கு 17 விழ வேண்டும், 20 சதவீதம். இரண்டு வெட்டு விழச் சராசரியாகப் பத்து வீச்சு. பக்கத்தில் ஸ்கேல் மெயில் போட்டு, டெக்ஸ் 14-உடன், கேடயம் இல்லாமல் நிற்கும் ஆறடி ஆளின் ஏ.சி. 17. அவர்மேல் 45 சதவீதம், நாலரை வீச்சுகூட வேண்டாம். கிரிட்டிக்கல், அதாவது வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி, அதன் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. ஃபால்ச்சியனில் 18 முதல் 20 வரை விழுந்தால் கிரிட்டிக்கல் வாய்ப்பு வரும், ஆனால் இன்னொரு முறை உருட்டி அதுவும் ஏ.சி.யை எட்டினால்தான் உறுதியாகும். நம் ஆளுக்கு அது 15 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 3 சதவீதம். ஆறடி ஆளுக்கு 6.75.

இரண்டாவது லெவலில் கம்பாட் எக்ஸ்பர்டைஸ் எடுக்கலாம். இன்டலிஜன்ஸ் 13 வாங்கியது இதற்காகத்தான். தாக்குதலில் ஒன்றைக் கொடுத்து ஏ.சி.யில் ஒன்றை வாங்கும் பண்டமாற்று. அதே ஆர்க்கை வைத்துப் பார்த்தால், அவனுடைய 20 சதவீதம் 15 ஆகும். வாங்கும் அடியில் கால்வாசி மிச்சம். நம் தரப்பில் கொடுக்கும் அடி அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஏ.சி. 17 ஆள் இதே பண்டமாற்றைச் செய்தால் அவருக்கு மிச்சமாவது ஒன்பதில் ஒரு பங்கு. மறுபடியும், இருப்பவனுக்கே லாபம்.

இப்போது கசப்பான பகுதி. ஸ்மால் அளவு ரேப்பியர் கொடுக்கும் அடி 1டி4, சராசரி இரண்டரை. ஸ்ட்ரெங்த் 10 என்பதால் மேல்வரும்படி ஏதுமில்லை. ஸ்ட்ரெங்த் 18-உம் பெருவாளும் வைத்திருக்கும் மனிதன் ஓர் அடிக்கு 13 கொடுப்பான். நான் ஜி.எம்.மாக உட்கார்ந்தால், கொஞ்சம் மூளை உள்ள எதிரிகள் இரண்டு சுற்று குட்டி ஆள்மேல் ஆயுதத்தை வீசிப் பார்த்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் நிற்கும் மந்திரவாதியிடம் போவார்கள். யாரும் அடிக்க முயலாத ஆளுக்கு ஏ.சி. 22 இருந்தென்ன, 40 இருந்தென்ன?

இதற்கு விடை ஃபீட்டில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்மால் கேரக்டரும் மனித அளவான மீடியம் கேரக்டரைப் போலவே ஐந்தடிக் கட்டம் ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது. வாள் எட்டும் தூரமும் அதே ஐந்தடிதான். ஐந்தடி வாசல் ஒன்றை அடைத்து நின்றால் மூன்றடி ஆளும் ஆறடி ஆளும் விதிப்படி ஒரே கதவு. ஓர் ஓட்டை உண்டு. தன்னைவிட மூன்று அளவு சிறியவர் நிற்கும் கட்டத்தைப் பெரிய பிராணி சாவகாசமாகத் தாண்டிப் போகலாம். ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹ்யூஜ் என்ற வரிசையில், நம் ஆளைப் பொறுத்தவரை ஹ்யூஜ் அளவே அதற்குப் போதும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் இதே ஆளைக் கட்டினால் அளவுக்கென்று ஏ.சி. எதுவும் கிடைக்காது. அங்கே இருக்கும் ஆயுதம் டாட்ஜ் ஆக்ஷன். நாம் தாக்காமல் விலகுவதில் மட்டும் கவனம் வைத்தால், எதிரி இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும், அடிபடும் வாய்ப்பை அதே வாய்ப்பால் பெருக்க வேண்டும். 65 சதவீதம் 42 ஆகும், ஆனால் 25 சதவீதம் ஆறேகாலாகச் சுருங்கிவிடும். பதிப்பு மாறினாலும் கணக்கின் குணம் மாறவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்தும். அங்கே 20 விழுந்தால் உறுதிப்படுத்தும் உருட்டல் இல்லாமலே கிரிட்டிக்கல். 20-இல் மட்டுமே அடிபடும் அளவுக்கு ஏ.சி. ஏற்றினால், விழும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கலாகவே விழும்.

பாத்ஃபைண்டருக்கே திரும்புவோம், ஏனென்றால் 22 என்பது முழுக் கதை இல்லை. சண்டை தொடங்கி நம் ஆளின் முதல் முறை வருவதற்குள் எதிரி அடித்தால் டெக்ஸும் டாட்ஜும் எண்ணிக்கையில் வராது, 17 தான். தொட்டாலே போதும் என்கிற மந்திரத் தாக்குதலுக்குக் கவசமும் கேடயமும் வராது, 16 தான். நெருப்புப் பந்து ஏ.சி.யைக் கேட்பதே இல்லை.

இவற்றைவிட மோசம், கட்டிப் பிடிப்பது. அதற்குத் தனி எண், கம்பாட் மனூவர் டிஃபென்ஸ், சுருக்கமாக சி.எம்.டி. என்று பெயர். ஏ.சி.யில் +1 தந்த அதே சின்ன உடம்பு இங்கே −1 தரும். நம் ஆளுக்கு 10, ஃபைட்டர் லெவலுக்கு 1, டெக்ஸ் 4, டாட்ஜ் 1, அளவுக்கு −1. மொத்தம் 15. எதிரே ஓகர் என்ற பெரிய அரக்கன் வந்தால் கதாயுதத்தால் அடிக்க அவனுக்கு +7, 30 சதவீத வாய்ப்பு. கதாயுதத்தைக் கீழே போட்டுவிட்டு இரு கையாலும் பிடிக்க வந்தால் +9, 75 சதவீதம். பிடிக்க வருபவனைத் தடுத்து ஒரு குத்து விடலாமே என்றால், ஓகரின் கை பத்தடி எட்டும், நம் ரேப்பியர் ஐந்தடி.

இதற்கு மருந்து பின்னால் நிற்கும் மந்திரவாதியிடம் இருக்கிறது, அதுவும் முதல் லெவல் மந்திரம். கிரீஸ். தரையில் ஊற்றத்தான் எல்லோரும் அதை நினைப்பார்கள். தோழனின் கவசத்தில் தடவினால் பிடிபடாமல் இருக்க சி.எம்.டி.க்கு +10. பதினைந்து இருபத்தைந்தாகி, ஓகருக்கு 16 விழ வேண்டும், 25 சதவீதம். அவன் குனிந்து கதாயுதத்தை மறுபடி எடுத்துக்கொள்வதே மேல்.