நத்தையின் குடியிருப்பு ஆட்டுக்குத் தீவனமாகும்போது

நன்னீர் நத்தைகள் வழியாக மனிதருக்குப் பரவும் புழுநோயான சிஸ்டோசோமியாசிஸுக்கு மருந்து இல்லாமல் இல்லை. பிரசிகுவாண்டல் மாத்திரை உடலிலுள்ள முதிர்ந்த புழுக்களைக் கொல்லும். ஆனால் மாத்திரை விழுங்கிய சிறுவன் மீண்டும் அதே நீர்த்துறையில் இறங்கிக் குளித்தால், நத்தையிலிருந்து வெளிவந்து நீரில் நீந்தும் இளம்புழுக்கள் அவன் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். நத்தையைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் கொடுப்பது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போலத்தான்.

கால்நடை மருத்துவன் என்ற முறையில், ஒரு நீர்த்துறையைப் பார்த்ததும் நான் முதலில் செய்வது, ஒரு பிடி நீர்க்களையை அள்ளி வெள்ளைத் தட்டில் உதறுவதுதான். மிளகளவு நத்தைகள் தட்டில் உதிரும். தண்டில் ஒட்டிய பசைத்துளிக்குள் முட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். களைதான் அவற்றுக்கு உணவும் வீடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுப்படுகையில் 1986-இல் டயாமா அணை கட்டப்பட்டபின் கடலின் உப்புநீர் ஆற்றில் மேலேறுவது நின்றது, பாசன வேளாண்மை பெருகியது, நோயும் பரவியது. வயல்களிலிருந்து வழிந்த உரத்தில் செராட்டோஃபில்லம் என்னும் வேரற்ற களை தழைத்துத் துறைகளை அடைத்தது. 2023-இல் வெளியான ஆய்வொன்றில் 16 கிராமங்களில் எட்டில் மட்டும் இக்களையை அகற்றினார்கள்; அகற்றாத கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்நோயின் குடலைத் தாக்கும் வகைத் தொற்று 1.46 மடங்கு அதிகமாக இருந்தது. அகற்றிய களையைத் தீவனமாக்கிப் பார்த்தபோது, அது வழக்கமான தீவனத்துக்கு ஈடாகவும் 41 முதல் 179 மடங்கு மலிவாகவும் அமைந்தது.

என் பார்வையில் இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். களை மறுபடியும் வளரும். நோய்க்கு அஞ்சி ஆண்டுதோறும் அதை அள்ள ஆள் கிடைப்பது கடினம், ஆட்டுக்குத் தீனி வேண்டும் என்றால் ஆள் தானாக வருவார்.

ஆனால் கால்நடையை முழு நண்பனாக எண்ணிவிடவும் கூடாது. சீனாவில் இந்நோயை உண்டாக்கும் சிஸ்டோசோமா ஜப்பானிகம் என்னும் புழுவுக்கு எருமையே பெரிய இருப்பிடமாக இருந்ததால், அங்கே எருமைகளை விலக்கி டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் மாட்டுப் புழுவும் மனிதப் புழுவும் கலந்த கலப்பினங்கள் கண்டறியப்பட்டுள்ளன. எனவே தீவனத்தை மந்தையிடம் கொண்டுசெல்ல வேண்டுமே தவிர, மந்தையைத் துறைக்குள் ஓட்டக்கூடாது.

கால்நடைகளைத் தாக்கும் கல்லீரல் தட்டைப்புழுவின் உறைக்குள் அடங்கிய குஞ்சுகள் நீர்த்தாவரங்களில் ஒட்டியிருக்கும் என்பதால், களையைப் பச்சையாகப் போடாமல் நன்கு உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். உலர்த்தும் இடம் கரையிலிருந்து தள்ளியே இருக்கட்டும், அப்போதுதான் உதிரும் நத்தை மழையோடு மீண்டும் நீருக்குள் போகாது. அள்ளுபவர்களுக்கு முழங்கால்வரை எட்டும் ரப்பர் காலணியும் கையுறையும் கட்டாயம், ஏனெனில் அவர்கள் நிற்பதே இளம்புழுக்கள் நீந்தும் நீரில்தான்.