செயற்கை மொழிக்குள் கிளைக்கும் வழக்குகள்

ஜெர்மானியப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர் 1880இல் வெளியிட்ட வோலாப்யூக் என்ற செயற்கை மொழியில் 'ர்' ஒலி மிக அரிது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சீனர்களுக்கும் அது வாயில் நுழையாது என்று அவர் எண்ணினார். 1931இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆரி டி யோங் அம்மொழியைச் சீர்திருத்தியபோது அந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தார். மழைக்கு முன்பு 'லோமிப்' என்றார்கள். பிறகு 'ரெயின்' ஆயிற்று. இந்த வேறுபாட்டை எப்படிப் பதிவு செய்வது? 'ல் என்பது ர் ஆகும்' என்று விதி எழுதினால் 'ரோமிப்' கிடைக்குமே தவிர 'ரெயின்' கிடைக்காது. இங்கே ஒலி திரியவில்லை, சொல்லையே மாற்றியிருக்கிறார்கள். ஆகவே இது சொற்பட்டியலில் இடம்பெற வேண்டிய செய்தி.

செயற்கை மொழிகளின் கிளை வழக்குகளை ஆவணப்படுத்துபவரின் வேலையில் பாதி இந்தப் பிரிப்புதான். ஒரு வேறுபாடு விதிப்படி வந்ததா, யாரோ அறிவித்து வந்ததா, பேசிப் பேசி வந்ததா என்று தெரிந்தால்தான் அதை எந்த ஏட்டில் எழுதுவது என்பது தெரியும். இயற்கை மொழிகளில் மூல வடிவத்தைப் பெரும்பாலும் ஊகித்துத்தான் அறிய வேண்டும். செயற்கை மொழிக்கோ தேதியிட்ட மூலநூலே கையில் இருக்கும்.

விதிப்படி வருவதற்கு, ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்தாருக்காக உருவாக்கிய க்வென்யா மொழி நல்ல எடுத்துக்காட்டு. கதைப்படி, எல்ஃப்களில் நோல்டோர் என்ற பிரிவினரின் வழக்கில், பல்லிடையே நாக்கு வைத்து ஒலிக்கும் 'த்' பிற்காலத்தில் 'ஸ்' ஆனது. வான்யார் என்ற பிரிவினர் பழைய ஒலியையே வைத்துக்கொண்டார்கள். நிலவுக்கு வான்யார் 'இத்தில்' என்பார்கள், நோல்டோர் 'இசில்' என்பார்கள். இம்மொழியில் இன்னொரு விதியும் உண்டு: இரு உயிர்களுக்கு நடுவே வந்த பழைய 'ஸ்' படிப்படியாக 'ர்' ஆகிவிட்டது. அப்படியானால் 'இசில்' ஏன் 'இரில்' ஆகவில்லை? பழைய 'ஸ்' மாறத் தொடங்கிய பிறகே 'த்' 'ஸ்' ஆகி அந்த இடத்துக்கு வந்தது. வரிசையைப் புரட்டிப் போட்டால் நிலவின் பெயரே மாறிவிடும். அதனால் வழக்குகளைப் பதிவு செய்பவர்கள் விதிகளோடு அவற்றின் வரிசையையும் எழுதுகிறார்கள். விதிக்கு அடங்காதவரையும் எழுத வேண்டும்: ஃபேயனோர் என்ற பாத்திரம், தன் தாயின் பெயரில் அந்த ஒலி இருந்ததால், பழைய உச்சரிப்பை விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். எந்த வட்டார வழக்கு ஆய்வாளருக்கும் இப்படி ஓர் ஆளைத் தெரிந்திருக்கும்.

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் கதை வேறு. ஸாமென்ஹோஃப் இம்மொழியை 1887இல் வெளியிட்டார். இதன் அடிப்படை நூலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று 1905இல் பிரான்சின் புலோன் நகரில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் நாக்கு மாநாட்டுத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அந்நூலில் வேதியியல் 'ஹெமியோ'. இன்று பெரும்பாலோர் எழுதுவது 'கெமியோ'. மூலத்தை நீக்க முடியாததால் அகராதியில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

இதைவிடச் சுவையானது, இதைத் தாய்மொழியாகக் கற்ற குழந்தைகளின் பேச்சு. எஸ்பெராண்டோவில் இரண்டாம் வேற்றுமைக்கு 'ன்' உருபு கட்டாயம்: 'மி விடாஸ் காடோன்', அதாவது பூனையைப் பார்க்கிறேன். மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இக்குழந்தைகள் இந்த உருபைப் பலமுறை விட்டுவிடுவதையும், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையிலேயே பொருளை உணர்த்துவதையும் கண்டார். இலக்கணக்காரர் இதைப் பிழை என்பார். ஆவணப்படுத்துபவர் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. யார் பேச்சில், எந்த வயதில், எவ்வளவு அடிக்கடி என்று குறித்தாக வேண்டும்.

டோக்கி போனா என்ற செயற்கை மொழியை உருவாக்கிய சோன்யா லாங் இந்தக் கணக்கெடுப்பைத் தாமே செய்தார். 2014இல் வந்த அவரது முதல் நூல் மொழியை அவர் பேசும் வண்ணம் விளக்கியது. 2021இல் வந்த அகராதியோ பயன்படுத்துவோரிடம் கேட்டுத் தொகுக்கப்பட்டது. எந்தப் பொருள் எவ்வளவு பரவலானது என்பதற்குச் சொற்களின் பக்கத்தில் எண்களும் உண்டு. படைத்தவரே தம் படைப்பின் புழக்கத்தை அளந்து பார்ப்பது இயற்கை மொழிகளுக்கு வாய்க்காத காட்சி.

கணினிக்காகவும் ஒரு பதிவேடு இருக்கிறது. கணினிக்கு ஒரு மொழியை அடையாளம் காட்டும் குறியீட்டின் பின்னால் கிளை வழக்கைக் காட்டும் ஒட்டுச் சொல் சேரும். ஷ்லையரின் வோலாப்யூக்குக்கு 'ரிகிக்', டி யோங்கினுடையதற்கு 'நுலிக்'. எஸ்பெராண்டோவில் தலைமேல் தொப்பி போன்ற குறி கொண்ட எழுத்துகளைத் தட்டச்சில் தவிர்க்கும் இரு மாற்று முறைகளுக்கும் தனித்தனி ஒட்டுச் சொற்கள் உண்டு, அவை எழுத்து முறைகள் மட்டுமே என்றாலும். பதிவேட்டுக்குத் தேவை பெயரும் விளக்கமும் சான்று நூலும்தான். அச்சில் வந்த சீர்திருத்தத்துக்கு இவை எளிதில் கிடைக்கும். வீட்டுக்குள் 'ன்' உருபை விழுங்கும் குழந்தையின் வழக்குக்கு ஒலிப்பதிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.