ரோஸ்லினில் செய்த வண்டி மட்டமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். ரோஸ்லினில் செய்தது என்பதால் வேண்டாம் என்கிறார் மாமா. ஜெர்மனியில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா?"

பிரிட்டோரியாவை அடுத்த ரோஸ்லின் ஆலை 1973-இல் பி.எம்.டபிள்யூவின் கைக்கு வந்தது. ஜெர்மனிக்கு வெளியே அந்தக் கம்பெனிக்கு அதுவே முதல் ஆலை. வரைபடம், அளவுகள், சோதனை முறை எல்லாம் தலைமையகம் வகுப்பவை. 2015-இல் அமெரிக்காவில் வண்டிகளின் தரத்தை அளக்கும் ஜே.டி. பவர் நிறுவனம் நடத்திய ஆய்வில், ஆலைகளுக்கான பிளாட்டினம் விருது ரோஸ்லினுக்குக் கிடைத்தது. புது வண்டி வாங்கியவர்கள் முதல் 90 நாளில் சொன்ன குறைகளை எண்ணிக் கொடுக்கும் விருது அது. சரி, அப்புறம் ஏன் மாமாவுக்கு மனசு ஒப்பவில்லை?

1965-இல் ராபர்ட் ஸ்கூலர் என்ற ஆய்வாளர் குவாத்தமாலா மாணவர்களிடம் பழச்சாறையும் துணியையும் கொடுத்து, தரம் எப்படி என்று கேட்டார். சரக்கு ஒன்றேதான், ஒட்டியிருந்த நாட்டின் பெயர் மட்டும் வேறு வேறு. எல் சால்வடார், கோஸ்டா ரிக்கா என்று ஒட்டியவை மட்டமாகத் தெரிந்தன! ஒரே சரக்கின் மதிப்பையே ஒரு துண்டுச்சீட்டு மாற்றிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. நாட்டின் பெயர் என்ற இந்த முத்திரை எல்லா நேரமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பொருளின் விவரம் தெரிந்தவர்கள், சான்று தெளிவாக இருந்தால் நாட்டின் பெயரை ஒதுக்கிவிடுகிறார்கள். சான்று இரண்டுபட்டதாக இருந்தால் அவர்களும் முத்திரையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். காரில் இரண்டுபட்ட சான்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. கதவைச் சாத்தும்போது வரும் 'டப்' சத்தம் கனமா, லேசா? டாஷ்போர்டில் ஒரு கிறீச் சத்தம் வருகிறதே, குழி விழுந்த ரோட்டாலா, பூட்டிய கையாலா? ஜெர்மனி என்று நினைத்திருப்பவர் ரோட்டைத் திட்டுவார். ரோஸ்லின் என்று தெரிந்தவர் ஆலையைத் திட்டுவார். சத்தம் என்னவோ ஒன்றுதான். இப்படிக் குறித்துவைத்த ஒவ்வொரு கிறீச்சும் அடுத்த முறை பழைய எண்ணத்துக்கே சாட்சி சொல்லும்.

புது வண்டிக்குக் கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்குச் சண்டை இல்லை. நம் ஊர்க்காரர் கை பட்டால் தரம் குறையும் என்பதுதான் எனக்கு வலிக்கிற மூடநம்பிக்கை. டர்பனின் ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலைக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஸ்கூலரின் சோதனையை நம் பல்கலைக்கழகங்கள் இங்கேயே செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

வாசகருக்கு என் யோசனை: தெளிவான சான்றிலிருந்து தொடங்குங்கள். சர்வீஸ் புத்தகத்தில் விடுபட்ட வருடம் உண்டா, எஞ்சினடியில் ஆயில் கசிவு உண்டா, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பானட்டின் இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாக இருந்தால் எங்காவது இடித்துச் சரிசெய்த வண்டியாக இருக்கலாம். கதவுச் சத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மாமாவையும் கூட்டிப் போங்கள்.